சிறையில் இருக்கும் பிள்ளைக்குச் சொத்து எழுதி வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை புழல் சிறைக்கு மனு பார்க்க, அதாவது கைதியை நேரில் சந்திக்க, வரும் பெற்றோர், மனைவிமார், உடன்பிறந்தோர் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே விட்டிருக்கிறோம். பதில்கள் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் கீழ் வரும் குடும்பங்களை வைத்து எழுதப்பட்டவை. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு எங்கே மாறும் என்பது தனியாக இருக்கிறது.

"என் பையன் புழல்ல இருக்கான், ஆயுள் தண்டனை. அவன் பேர்ல சொத்து எழுதினா செல்லுமா?"

செல்லும். தண்டனை பெற்றவர் வெளியே நடமாடும் சுதந்திரத்தை இழக்கிறார். சொத்து பெறவும், வைத்திருக்கவும், விற்கவும் உள்ள உரிமை அவரிடமே இருக்கிறது. சிறைவாசம் இதற்குத் தடையில்லை என்று 1974-இல் புவன் மோகன் பட்நாயக் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விசாரணைக் கைதி, தண்டனைக் கைதி, தடுப்புக் காவலில் இருப்பவர் என்ற வேறுபாடும் இதில் கிடையாது. சிறை நிர்வாகத்திடம் முன் அனுமதி வாங்க வேண்டியதுமில்லை.

"உயில் எழுதாமலே நான் போயிட்டா, உள்ள இருக்கிறவனுக்குப் பங்கு கிடைக்குமா?"

மற்றப் பிள்ளைகளுக்கு எவ்வளவோ அவ்வளவே கிடைக்கும். தந்தையின் சுயசம்பாத்தியம் என்றால் மனைவி, மகன்கள், மகள்கள், தந்தையைப் பெற்ற தாய் ஆகியோர் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். மனைவி, மூன்று பிள்ளைகள், வயதான பாட்டி இருக்கும் வீட்டில் ஐந்தில் ஒரு பங்கு சிறையில் இருப்பவருக்கு. தாயின் சொத்து என்றால் மகன்கள், மகள்கள், கணவர்.

உயில் எழுதினால் உங்கள் பங்கை மட்டும்தான் எழுத முடியும். பூர்வீகச் சொத்தில் பிள்ளைகளுக்குப் பிறப்பால் வந்த பங்கை நீங்கள் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

"கொலைக் கேஸ்ல இருக்கிறவனுக்குச் சொத்து போகாதுன்னு சொல்றாங்களே?"

பாதி உண்மை. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, பிரிவு 25 சொல்வது இதுதான்: யாரைக் கொன்றாரோ அவருடைய சொத்தில் கொன்றவருக்குப் பங்கில்லை. ஒரு சொத்து தன் கைக்கு வர வேண்டும் என்பதற்காகக் கொன்றிருந்தால் அந்தச் சொத்திலும் பங்கில்லை. கொலைக்கு உடந்தையாக இருந்தவருக்கும் இதே நிலைதான். மற்றபடி, தெருத் தகராறில் வேறொருவரைக் கொன்றவருக்குத் தன் அப்பா, அம்மா சொத்தில் எந்தத் தடையும் கிடையாது. திருட்டு, போதைப்பொருள், மோசடி வழக்குகளில் உள்ளே இருப்பவர்களுக்கும் இந்தப் பிரிவு பொருந்தாது.

தடை வரும் இடத்தில் அது கடுமையாகவே வரும். தந்தையைக் கொன்ற மகனின் மனைவி, மருமகள் என்ற முறையில் பங்கு கேட்ட தமிழ்நாட்டு வழக்கில், கொன்றவர் இல்லாதவராகவே கருதப்படுவார், அவர் வழியாக மனைவியும் கேட்க முடியாது என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு துயரம் நடந்திருந்து, மருமகளுக்கோ பேரப்பிள்ளைகளுக்கோ ஏதாவது போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தால், அவர்கள் பெயரையே நேராக உயிலில் எழுதுங்கள்.

"வாரிசு சான்றிதழ்ல அவன் பேரைப் போட்டா கையெழுத்துக்கு அலையணும். விட்டுட்டா என்ன?"

விடாதீர்கள். வட்டாட்சியரிடம் எல்லா வாரிசுகளையும் சொன்னதாகத்தான் நீங்கள் கையெழுத்திடுகிறீர்கள். ஒருவரை மறைத்து வாங்கிய சான்றிதழை ரத்து செய்ய முடியும், அதை வைத்து நடந்த பட்டா மாற்றமும் விற்பனையும் கேள்விக்குள்ளாகும். வாங்க வருபவரின் வக்கீல் குடும்ப அட்டையையோ பழைய பத்திரத்தையோ பார்த்தால் விடுபட்ட பெயர் தெரிந்துவிடும். அங்கேயே பேரம் நின்றுபோகும். கையெழுத்து வாங்க சட்டப்படியான வழி இருக்கிறது, பவர் பத்திரம் (தனக்காகச் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) பற்றிய கேள்வியில் விவரமாகச் சொல்லியிருக்கிறோம்.

"உயில்ல அவனைப் பத்தி எப்படி எழுதணும்? கைதி நம்பர் போடணுமா?"

வேண்டாம். கைதி எண் மாறும், சிறையும் மாறும். இன்று புழல், அடுத்த வருடம் வேலூரோ கடலூரோ. தந்தை பெயர், பிறந்த தேதி, நிரந்தர வீட்டு முகவரி, உங்களுக்கு என்ன உறவு என்பவை போதும். பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயரும் வழக்கு ஆவணத்தில் "என்கிற" போட்டு இன்னொரு பெயரும் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். பிற்பாடு வங்கியில் "இவர்தான் அவர்" என்று நிரூபிக்க அந்த ஒரு வரிதான் உதவும்.

மற்றவை எல்லா உயிலுக்கும் உள்ளவைதான்: நீங்கள் கையெழுத்திட வேண்டும், குறைந்தது இரண்டு சாட்சிகள் அதைப் பார்த்து, உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். சொத்து பெறுபவரோ அவர் மனைவியோ சாட்சியாக வேண்டாம். உயிலுக்கு முத்திரைத் தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. ஆனாலும் இந்த மாதிரிக் குடும்பங்களுக்குப் பதிவு செய்யச் சொல்லியே வற்புறுத்துகிறோம். உள்ளே இருப்பவரால் வீட்டு அலமாரியைத் திறந்து தேட முடியாது. தாள் காணாமல் போனால் அவருக்காகப் பேச யாருமில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு நகல் இருந்தால் அந்தப் பயம் இல்லை.

உயிலை நிறைவேற்றுபவர் என்று ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். அவருக்குப் பதில் இன்னொருவரையும் எழுதுங்கள். சிறையில் இருப்பவரையே நிறைவேற்றுபவராகப் போட்டால் ஒரு அடியும் நகராது.

"மெட்ராஸ்ல இருக்கிற வீட்டுக்கு கோர்ட்ல புரொபேட் வாங்கியே ஆகணுமாமே?"

புரொபேட் என்பது உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று. சென்னை நகர எல்லைக்குள் எழுதிய உயிலுக்கும், எல்லைக்குள் இருக்கும் சொத்துக்கும் அப்படித்தான் பல பத்தாண்டுகள் இருந்தது. அதற்குக் காரணமான 1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. ஆனாலும் அண்ணன் தம்பிக்குள் தகராறு வரும் என்று தெரிந்தால் புரொபேட் வாங்கிவிடுவது நல்லது. உள்ளே இருப்பவர் பெயரில் எழுதிய உயிலைத்தான் "ஏமாற்றி வாங்கியது" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள்.

"பேங்க்ல அவனை நாமினியா போட்டுட்டேன். அது போதும்ல?"

போதாது. நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள். வங்கி டெபாசிட், பங்குகள் இவற்றில் பணம் யாருக்குச் சொந்தம் என்பதை உயிலோ வாரிசுரிமைச் சட்டமோதான் தீர்மானிக்கும். ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பொதுவாகப் பணம் அவர்களுக்கே சொந்தம்.

நடைமுறையில் யோசித்தால், உள்ளே இருப்பவர் நாமினியாக இருப்பதைவிட வெளியே ஓடியாடக்கூடியவர் நாமினியாக இருந்து, உயிலில் பணம் இன்னாருக்கு என்று எழுதுவதே சுலபம். 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம் என்பதால் இருவரையும் சேர்த்துப் போடவும் வழி உண்டு.

"எட்டு லட்சம் எஃப்டி அவனுக்கு வரும். எந்தக் கணக்குல வாங்குறது?"

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. கைதிகளுக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி "சிறு கணக்கு" தொடங்கலாம். சிறை அதிகாரி முன்னிலையில் கையெழுத்தோ கைரேகையோ வைத்து, அவர் சான்று செய்தால் போதும். வருடம் ஒருமுறை சிறையிலிருந்து முகவரிச் சான்று கொடுக்க வேண்டும். ஆனால் அந்தக் கணக்கில் இருப்பு எந்நேரமும் ரூ. 50,000-ஐத் தாண்டக் கூடாது, ஒரு நிதியாண்டில் ரூ. 1 லட்சத்துக்கு மேல் வரவு கூடாது, மாதம் ரூ. 10,000-க்கு மேல் எடுக்கக் கூடாது. எட்டு லட்சத்தை அதில் போடவே முடியாது.

எனவே முழு கேஒய்சி (அடையாள, முகவரிச் சரிபார்ப்பு) உள்ள கணக்கு வேண்டும். கைதாகும் முன்பே அவர் பெயரில் ஏதாவது கணக்கு இருந்ததா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதை உயிரோடு வைத்திருங்கள்: இரண்டு வருடம் அவர் தரப்பிலிருந்து வரவு செலவே இல்லாவிட்டால் கணக்கு முடங்கும், பத்து வருடம் தொடாவிட்டால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகும். அப்போதும் கேட்டு வாங்கலாம், ஆனால் அலைச்சல் அதிகம். ஆதாரோடு இணைந்த செல்பேசி எண்ணையும் கவனியுங்கள். மாதக்கணக்கில் பயன்படுத்தாத சிம் துண்டிக்கப்பட்டு அந்த எண் வேறொருவருக்குப் போய்விடும். வங்கி அனுப்பும் ஓடிபி யாரோ முகம் தெரியாதவரின் போனில் மணியடிக்கும். கைதான உடனேயே வீட்டில் ஒருவர் அந்த சிம்மை ரீசார்ஜ் செய்து வைத்திருப்பது பிற்பாடு பெரிய உதவி. பேன் எண் (வருமான வரிக் கணக்கு எண்) ஆதாரோடு இணையாமல் செயலிழந்திருந்தால் டெபாசிட் வட்டியில் 20 சதவீதம் வரி பிடித்துக்கொள்வார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

"ஜெயில்ல அவன் கணக்குலயே கட்டிடலாமா?"

கூடாது. அது சிறை கேண்டீனில் சோப்பு, பிஸ்கட் வாங்குவதற்கான சில்லறைக் கணக்கு, மாதச் செலவுக்கு வரம்பு உண்டு. பெரிய தொகை வந்திருக்கிறது என்பது பிளாக்கில் நாலு பேருக்குத் தெரிந்தால், மிரட்டிப் பணம் கேட்பவர்களும் கிளம்புவார்கள்.

"அவன்கிட்ட பவர் எழுதி வாங்கணும். சார்பதிவாளர் ஆபீசுக்கு அவனைக் கூட்டிட்டு வர முடியாதே?"

கூட்டி வர வேண்டாம். பதிவுச் சட்டம் 1908, பிரிவு 33-இன்படி சிறையில் இருப்பவர் பதிவு அலுவலகத்துக்கு நேரில் வருவதிலிருந்து விலக்குப் பெற்றவர். பதிவாளர் சிறைக்கே போய் விசாரிக்கலாம், அல்லது விசாரிக்க ஆணையர் ஒருவரை அனுப்பலாம். விற்பனை, பாகப்பிரிவினை போன்ற பத்திரங்களுக்கு இதே வசதி 38-ஆம் பிரிவில் இருக்கிறது. இது தெரியாமல் வருடக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்கள் பல.

செய்ய வேண்டியது: பவர் பத்திரத்தின் வாசகத்தை வக்கீலிடம் எழுதி வாங்குங்கள். சிறை எந்தச் சார்பதிவாளர் எல்லையில் வருகிறதோ அங்கே, நேரில் வர இயலாத காரணத்தைக் குறிப்பிட்டு மனு கொடுங்கள். சிறைக் கண்காணிப்பாளருக்கும் ஒரு மனு, இணைப்பாகப் பத்திர நகல், அடையாளச் சான்றுகள். விசாரணைக் கைதி என்றால் வழக்கு நடக்கும் நீதிமன்றத்தின் உத்தரவையும் கையில் வைத்திருந்தால் இழுத்தடிப்பு குறையும். அதிகாரி வந்து, யாரும் வற்புறுத்தாமல்தான் எழுதிக் கொடுக்கிறாரா என்று அவரையே கேட்பார். அசையாச் சொத்து தொடர்பான பவர் தமிழ்நாட்டில் பதிவாகியே தீர வேண்டும், நோட்டரி முத்திரை மட்டும் போதாது.

வாசகத்தில் கவனம் வேண்டும். "என் சொத்துகள் அனைத்தையும் விற்க" என்று அகலமாக எழுதினால் ஏமாற்றுவதற்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. எந்தச் சர்வே எண், எந்த வீட்டு எண், என்ன செய்யலாம், வரும் பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். வாடகை வாங்க, வரி கட்ட மட்டும் ஒரு பவர் போதுமென்றால் விற்கும் அதிகாரத்தைச் சேர்க்காதீர்கள். எழுதிக் கொடுத்தவர் இறந்தால் அந்த நிமிடமே பொதுவாகப் பவர் செத்துவிடும்.

வங்கிப் படிவம், வக்காலத்து போன்ற சின்னக் காகிதங்களுக்குக் கண்காணிப்பாளர் அல்லது ஜெயிலர் சான்றொப்பமும் வட்ட முத்திரையும் போதும். ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை விழுந்ததா என்று வாங்கும்போதே பாருங்கள். கடைசிப் பக்கத்தில் மட்டும் இருந்தால் வங்கி திருப்பி அனுப்பிவிடும். பல வருடம் பேனா பிடிக்காதவரின் கையெழுத்து பழைய மாதிரியோடு ஒத்துப்போகாமல் போவதும் நடக்கும். கையெழுத்தோடு இடது பெருவிரல் ரேகையையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

"தம்பி பேர்ல எழுதிடுறேன், அண்ணன் வந்ததும் கொடுத்துடுவான். அது சரிதானே?"

தம்பி நல்லவராகவே இருக்கலாம். ஆனால் உயிலில் அவர் பெயர் மட்டும் இருந்தால் சட்டப்படி அது அவர் சொத்து. அவர் கடன் பட்டால் ஜப்தியாகும். அவர் இறந்தால் அவர் மனைவி மக்களுக்குப் போகும், அவர்களுக்கு உங்கள் வாய்வார்த்தை தெரியாமலே இருக்கலாம். கொடுக்க நினைத்தாலும் திரும்ப ஒரு பத்திரம், முத்திரைக் கட்டணம், பதிவுக் கட்டணம். தம்பியை நம்பினால் அவரை அறங்காவலராக, அதாவது இன்னொருவருக்காகச் சொத்தைப் பார்த்துக்கொள்பவராக, போடுங்கள், உரிமையாளராக வேண்டாம். அது அடுத்த கேள்வி.

"வெளிய வந்ததும் கைக்குப் போகட்டும்னு உயில்ல எழுதலாமா?"

எழுதலாம், ஆனால் அந்த ஒரு வரியோடு விட்டால் சிக்கல். ஆயுள் தண்டனைக்கு விடுதலைத் தேதி என்று ஒன்று முன்கூட்டியே கிடையாது. அதுவரை வீட்டு வரி யார் கட்டுவது, வாடகை யாருக்கு, வெளியே வராமலே போனால் யாருக்கு என்று எதுவும் தெரியாது.

இதற்குத் தகுந்த வழி தனியார் அறக்கட்டளை. 1882-ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டப்படி உயிலிலேயே அதை ஏற்படுத்தலாம். அறங்காவலர் இருவர், அதில் ஒருவராவது உங்களைவிட நன்றாக இளையவர். எந்தச் சொத்து என்பது. எதற்குச் செலவிடலாம் என்பது: மேல்முறையீட்டு வக்கீல் கட்டணம், அவர் பிள்ளைகளின் படிப்பு, வீட்டுப் பராமரிப்பு, மருத்துவம். எப்போது முழுதாகக் கைக்குப் போக வேண்டும் என்பது: விடுதலையான நாள், அல்லது இன்ன வயது, எது முந்தியதோ அது. அறங்காவலர் இறந்தால் யார் என்பதும், மகனே இறந்தால் யாருக்கு என்பதும் எழுத்தில் இருக்கட்டும். அறங்காவலர் கணக்கு வைத்திருக்க வேண்டும், பயனாளி கேட்டால் காட்ட வேண்டும். அந்தச் சொத்தை அவரே தனக்கு வாங்கிக்கொள்ளக் கூடாது. நூறு ரூபாய் ரசீதைக்கூடப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். பத்து வருடம் கழித்து வெளியே வரும் மனிதர் கேட்கும் முதல் கேள்வி பணம் எங்கே போனது என்பதாகத்தான் இருக்கும்.

"கோர்ட்ல அபராதம் போட்டிருக்காங்க. சொத்தை அரசாங்கம் எடுத்துக்குமா?"

கட்டாத அபராதத்தை அவர் சொத்திலிருந்து வசூலிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லியிருந்தால் அதையும் அப்படியே வசூலிக்கலாம். பொதுவாகத் தீர்ப்பிலிருந்து ஆறு வருடம் வரை அபராதத்தை வசூலிக்க முடியும், தண்டனைக் காலம் அதைவிட நீளம் என்றால் அந்தக் காலம் முடியும் வரை. எனவே உயில் எழுதும் முன் தீர்ப்பு நகலை எடுத்து அபராதத் தொகையைப் பாருங்கள். பல வழக்குகளில் அது சில ஆயிரம்தான். முதலில் கட்டி ரசீது வாங்கிவிடுங்கள், கட்டாவிட்டால் கூடுதல் சிறை என்ற நிபந்தனையும் அதோடு போகும். அமலாக்கத் துறை வழக்கு, பெரிய மோசடி வழக்கு என்றால் விஷயமே வேறு. வக்கீலைப் பார்க்காமல் எதையும் அவர் பெயருக்கு மாற்றாதீர்கள்.

"பங்கு எங்கயும் போகாது, வெளிய வந்து கேட்டுக்கலாம்னு அண்ணன் சொல்றாரு. உண்மையா?"

ஆபத்தான பேச்சு. காலவரையறைச் சட்டம் 1963, பிரிவு 6-இன்படி மைனர், மனநலம் குன்றியவர் ஆகியோருக்கு மட்டும்தான் கடிகாரம் நிற்கும். சிறையில் இருப்பவருக்கு ஓடிக்கொண்டே இருக்கும். கூட்டுக் குடும்பச் சொத்திலிருந்து தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து 12 வருடம். அசையாச் சொத்தில் ஒருவர் எதிரிடையாக, அதாவது தனக்கே சொந்தம் என்று, அனுபவிக்கத் தொடங்கினால் அதற்கும் 12 வருடம். பதினான்கு வருடம் கழித்து வெளியே வருபவருக்கு இதன் பொருள் என்னவென்று யோசியுங்கள்.

உள்ளிருந்தபடியே பாகப்பிரிவினை வழக்கு போடலாம். குறைந்தபட்சம், பங்கைக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பி அதன் ஒப்புகை அட்டையை வைத்திருக்க வேண்டும், கூட்டுப் பட்டாவில் பெயர் ஏற வேண்டும், வருடம் ஒருமுறை வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்க்க வேண்டும். நோட்டீஸ் கடிகாரத்தை நிறுத்தாது, பங்கை விட்டுக்கொடுக்கவில்லை என்பதற்கு அது சாட்சி. மனு பார்க்கப் போகும்போது "விடுதலைப் பத்திரம்" என்று யாராவது நீட்டினால், அது பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம் என்பதை அவருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சிறையிலிருந்து விடுதலைக்கான காகிதம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது.

"பாகம் பிரிக்க பரோல் கிடைக்குமா?"

தண்டனைக் கைதி என்றால் கேட்கலாம். 1982-ஆம் ஆண்டு தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகளில் சாதாரண விடுப்புக்கான காரணங்களில் பாகப்பிரிவினை போன்ற குடும்பத் தகராறுகளைத் தீர்ப்பதும் ஒன்று. பெற்றோர் இறந்தால் அவசர விடுப்பு தனி. வரைவுப் பத்திரம், இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ் மூன்றையும் இணைத்துக் கொடுங்கள். விசாரணைக் கைதிக்கு இந்த விடுப்பு கிடையாது, இடைக்கால ஜாமீன்தான்.

"அவன் துபாய் ஜெயில்ல இருக்கான். பவர் எப்படி?"

இந்தியத் தூதரக அதிகாரி முன்னிலையில் கையெழுத்தான பவர் இங்கே செல்லும். அது இந்தியா வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். வந்த தேதி தெரியும்படி தபால் உறையைப் பத்திரமாக வையுங்கள்.

"நாங்க முஸ்லிம் குடும்பம் / கிறிஸ்தவக் குடும்பம். இதெல்லாம் பொருந்துமா?"

வங்கி, பவர், காலவரையறை எல்லாருக்கும் ஒன்றே. முஸ்லிம்கள் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. ஏற்கெனவே வாரிசாக இருக்கும் மகனுக்கு உயிலால் கூடுதலாகக் கொடுக்க சன்னி சட்டத்தில் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டுச் சட்டப்படி பங்கு, உயிலில் முழுச் சொத்தையும் எழுதலாம்.

"எனக்கு முன்னாடியே அவனுக்கு உள்ள ஏதாவது ஆயிட்டா?"

கேட்கவே மனசு வராத கேள்வி, ஆனால் உயிலில் எழுத வேண்டியது. உங்கள் மகன் அல்லது மகள் உங்களுக்கு முன் இறந்து, அவர்களுக்குப் பிள்ளைகள் இருந்தால் அந்த ஒதுக்கீடு வீணாகாது. பிள்ளைகள் இல்லாவிட்டாலோ, எழுதியது தம்பிக்கோ மருமகனுக்கோ என்றாலோ அது விழுந்துவிடும். "அவர் இல்லாவிட்டால் இன்னாருக்கு" என்று ஒரு வரி சேருங்கள்.

"வக்கீலுக்குக் கொடுக்க காசில்ல."

காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு. குற்ற வழக்குக்கு மட்டுமில்லை, பாகப்பிரிவினை வழக்குக்கும்தான். பெண்களுக்கும் வருமான வரம்பில்லை, ஆகவே அம்மாவோ மனைவியோ தன் பெயரிலும் கேட்கலாம். உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாநில சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் நேரில் கேளுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். உள்ளே இருப்பவர் சிறை நல அலுவலர் மூலம் மனு கொடுக்கலாம்.

"உயில் எழுதினதை அவன்கிட்ட சொல்லணுமா?"

சொல்லுங்கள், ஆனால் கடிதத்தில் எழுதாதீர்கள். சிறைக்குப் போகும் கடிதங்கள் படிக்கப்பட்ட பிறகுதான் கைக்குச் சேரும். மனு பார்க்கும் இடத்திலும் பக்கத்தில் ஆள் இருப்பார்கள், தொகையைச் சத்தமாகச் சொல்ல வேண்டாம். எந்த வக்கீலிடம், எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில், எந்த வருடம் என்ற மூன்று விவரம் அவருக்குத் தெரிந்தால் போதும். இதே மூன்றையும் ஒரு தாளில் எழுதி, அவருக்காக மாதாமாதம் மனு பார்க்கப் போகும் இன்னொருவரிடமும் கொடுத்து வையுங்கள்.